சுவரோரச் சாம்பல் கூடு: ஃபெரியீக்கா பேரினமும் அதன் பரவலும்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குளியலறைக் கதவின் மேல்சட்டம், அலமாரியின் பின்பக்கம், ஏர்கான் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், சாமி மேடைக்கு மேல் விளக்குப் புகை படிந்த மூலை என்று எங்காவது ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் சிமென்ட் நிறத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தூசி என்று நினைத்துத் துடைக்கப் போனால் நகரும். உற்றுப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து பழுப்புத் தலையும் ஆறு கால்களும் வெளியே வந்து, கூட்டை இழுத்துக்கொண்டு சுவரில் ஏறுவது தெரியும்.

படம் எடுத்துப் பெயர் தேடினால் பெரும்பாலும் ‘ஃபெரியீக்கா யூட்டெரெல்லா’ என்ற விடைதான் கிடைக்கும். பூச்சி ஒழிப்பு விளம்பரங்களிலும் அதே பெயர்தான். அந்தப் பெயரின் முதல் பாதி, அதாவது பேரினப் பெயர், நம்பத் தக்கது. இரண்டாம் பாதியான இனப் பெயரைக் கூட்டின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் எழுதப்பட்ட குறிப்புகள் பல இடங்களில் படியெடுக்கப்பட்டதால் இந்தப் பெயர் நம் சுவர்கள் வரை வந்து சேர்ந்திருக்கலாம். இந்தப் பேரினத்தின் வகைப்பாட்டு வரலாற்றைப் படித்தால் ஏன் இப்படி ஆயிற்று என்பது விளங்கும்.

முதலில் உறவுமுறை. இதைப் பலர் ‘பேக்வார்ம்’ என்கிறார்கள். உண்மையான பேக்வார்ம் சைக்கிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அது மரஞ்செடிகளில் வாழும், இலைத் துண்டையும் குச்சியையும் பட்டு நூலால் கட்டிப் பை செய்துகொள்ளும். அதன் பல இனங்களில் பெண் பூச்சிக்கு இறகே கிடையாது, பைக்குள்ளேயே முட்டையிட்டு இறந்துவிடும். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் இலையைத் தின்று தீர்ப்பவை அந்தக் குடும்பத்துப் புழுக்கள். நம் சுவரில் இருப்பது டினெய்டே குடும்பம், அதாவது கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சிகளின் குடும்பம். இரண்டும் டினியோய்டியா என்ற ஒரே பெருங்குடும்பத்துக்குள் வருவதால் தூரத்துச் சொந்தம் உண்டு. ஆனாலும் ஒன்றுக்கான மருந்தை மற்றதற்கு அடிப்பதில் பயனில்லை. காரிடார் செடியில் தொங்கும் குச்சிப் பையைக் கையால் பறித்துப் போட்டுவிடலாம். அதற்கும் வீட்டுக்குள் சுவரில் ஊர்வதற்கும் தொடர்பு இல்லை.

டினெய்டே குடும்பத்தில் ஏறத்தாழ 3,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றின் புழுக்கள் பச்சை இலையைத் தின்று வளர, இந்தக் குடும்பம் வேறு வழியில் போனது. காளான், பாசிப்பூஞ்சை, மக்கிய மரம், பறவைக் கூட்டின் குப்பை, வௌவால் குகைத் தரை ஆகியவற்றில் வாழும் புழுக்களே இதில் அதிகம். ஒரு சிறு பகுதி மட்டும் முடி, இறகு, கம்பளி ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைச் செரிக்கும் திறனைப் பெற்றது. கெரட்டினில் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டிருப்பதால் பெரும்பாலான விலங்குகளுக்கு அது செரிக்காது. துணி அந்தின் குடலோ காரத்தன்மை மிக்கது, ஆக்சிஜன் குறைந்தது. அந்தச் சூழலில் கந்தகக் கொக்கிகள் கழன்றுவிடுகின்றன. மனிதர் வாழும் இடத்தில் முடி உதிராமல் இருக்காது. ஆகவே இந்தப் பூச்சிகளுக்கு நம் வீட்டில் தீனிக்குப் பஞ்சமில்லை.

வீட்டோடு தொடர்புடைய பேரினங்களில் இரண்டை அறிந்துகொண்டால் ஃபெரியீக்காவின் இடம் தெளிவாகும். டினியோலா பேரினத்தின் டினியோலா பிசெல்லியெல்லா, குளிர்நாடுகளில் கோட்டையும் கம்பளத்தையும் அரிக்கும் பொன்னிற அந்து. அதன் புழு தூக்கிச் செல்லும் கூடு செய்யாது, துணியின் மேலேயே நூல் பின்னி அதற்கடியில் மேயும். லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட டினியா பெல்லியோனெல்லாவின் புழு கூடு செய்யும். அந்தக் கூடு உருளையாக இருக்கும், பெரும்பாலும் அது தின்னும் துணியின் இழைகளாலேயே ஆனது. ஃபெரியீக்காவின் கூடு தட்டையானது, நடுவில் அகன்று இரு முனையும் ஒடுங்கிப் பூசணி விதை போல இருக்கும். மேலே மணலும் சுண்ணாம்புத் துகளும் ஒட்டியிருக்கும். உருளையா தட்டையா என்று பார்த்தாலே டினியாவையும் இதையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

அந்தக் கூட்டின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். முட்டை 0.4 மி.மீ. அளவுதான் இருக்கும். அதிலிருந்து வந்த புழு முதலில் பட்டு நூலில் துகள்களைக் கோத்துத் தரைமேல் ஒரு வளைவு எழுப்பும். வளைவை இரு பக்கமும் நீட்டிக் குழாயாக்கி, அடிப்புறத்தையும் மூடிய பிறகு தரையிலிருந்து விடுவித்துக்கொள்ளும். வளர வளரக் கூட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். முழு வளர்ச்சியில் கூடு 8 முதல் 14 மி.மீ. நீளமும் 3 முதல் 5 மி.மீ. அகலமும் இருக்கும், உள்ளே இருக்கும் புழு சுமார் 7 மி.மீ. தான். இரு முனையிலும் வாசல் உண்டு. நடு அகலமாக இருப்பதால் புழு உள்ளேயே திரும்பி எந்த வாசல் வழியாகவும் தலையை நீட்ட முடிகிறது. இரண்டு தலையுள்ள புழு என்று சிலர் சொல்வது இதைப் பார்த்துத்தான். உள்புறம் முழுக்க வழவழப்பான பட்டு. வெளியே என்ன ஒட்டியிருக்கிறது என்பது வீட்டைப் பொறுத்தது. சுவர்ப் பூச்சின் தூள், உதிர்ந்த பெயின்ட், மணல், துணிப் பிசிறு, பூச்சிக் கால்கள் எல்லாம் இருக்கும். நீலத் துண்டு காயப்போடும் மூலையில் நீலப் புள்ளி வைத்த கூடு கிடைத்தால் வியக்க வேண்டாம். கூட்டின் நிறத்தை வைத்து இனத்தைப் பிரிக்க முயல்வது ஏன் வீண் என்பதும் இதனாலேயே புரியும்.

புழுவின் தலையும் அதை அடுத்த மூன்று வளையங்களின் முதுகும் கெட்டியாகிப் பழுப்பாக இருக்கும், வெளியே நீட்டுவது அந்தப் பகுதிதானே. மற்ற உடல் வெள்ளையாக மெத்தென்றிருக்கும். வயிற்றுப் பகுதியில் உள்ள போலிக் கால்கள் கூட்டை உள்ளிருந்து பற்றிக்கொள்கின்றன. கூட்டைப் பிய்த்தால் புழு எளிதில் வராமல் இருப்பதற்கு அந்தப் பிடிதான் காரணம். கூட்டுப்புழுவாக மாறும் வேளை வந்ததும் கூட்டைச் சுவரில் நூலால் கட்டி, ஒரு முனையில் இரு ஓரங்களிலும் சிறு கீறல் போட்டு அதைத் தட்டையாக்கிவிடும். அந்த முனை அதன்பின் ஒருவழிக் கதவாக வேலை செய்யும். அந்து வெளிவரும் நாளில் கூட்டுப்புழு பாதி வெளியே நெளிந்து வந்து வெடிக்கும், மெல்லிய வெற்றுத் தோல் வாசலில் நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரில் தொங்கும் கூட்டின் முனையில் அந்தத் தோல் தெரிந்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

இனி பெயர் வரலாறு. கனரித் தீவுகளிலிருந்து வந்த ஓர் அந்துக்கு 1892இல் வியன்னாவின் ஹான்ஸ் ரெபெல் ‘அலுட்டெல்லா’ என்று பெயர் வைத்தார். 1897இல் பிரிட்டனின் வால்சிங்காம் பிரபு, மேற்கிந்தியத் தீவுகளின் சிற்றந்துகளை ஆராய்ந்து எழுதியபோது ‘யூட்டெரெல்லா’வை விவரித்து டினியோலாவுக்குள் வைத்தார். அதன்பின் குழப்பம் தொடங்கியது. புளோரிடாவில் வீடுகளில் பெருகிய பூச்சியை 1930களில் ‘டினியோலா வால்சிங்காமி’ என்று எழுதினார்கள். எட்வர்ட் மெய்ரிக் 1932இல் ‘டுபிடாட்ரிக்ஸ்’ என்று இன்னொரு பெயர் தந்தார். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ஆயிரக்கணக்கான சிற்றந்துகளுக்குப் பெயரிட்டவர் அவர். ஒரே பூச்சி நாட்டுக்கு ஒரு பெயரில் உலவியதும், வேறு வேறு பூச்சிகள் ஒரே பெயருக்குள் அடைபட்டதும் அந்தக் காலத்துக் கதை.

1956இல் ஹின்டன், பிராட்லி என்ற இரு பூச்சியியலாளர்கள் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். தட்டைக் கூடு செய்யும் இந்த அந்துகளை டினியோலாவோடு வைத்திருப்பது பொருந்தாது என்று ஃபெரியீக்கா என்ற புதிய பேரினத்தை நிறுவினார்கள். அதே ஆண்டு ஹின்டன் பொருளாதார முக்கியத்துவம் உள்ள டினெய்டே புழுக்களைப் பற்றி எழுதினார்.  1973இல் கோஸ்மானியும் வாரியும் ஆப்பிரிக்க டினெய்டேக்களை ஆராய்ந்து ‘ஃபெரியீக்கா ப்ரீகாக்ஸ்’ இனத்தைச் சேர்த்தார்கள். டுபிடாட்ரிக்ஸ் இன்று யூட்டெரெல்லாவின் இணைப்பெயராக, அதாவது அதே இனத்துக்கு வைக்கப்பட்ட இன்னொரு பெயராகக் கருதப்படுகிறது. பேரினம் சிறியது, சில இனங்களே உள்ளன. ஆனால் வெளித்தோற்றத்தில் அவை ஒன்றையொன்று அப்படியே ஒத்திருக்கின்றன.

பரவலைப் பார்ப்போம். யூட்டெரெல்லா என்ற பெயரில் பதிவானவை பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து: புளோரிடா, லூசியானா உள்ளிட்ட தென்மாநிலங்கள், கயானா, பிரேசில். அலுட்டெல்லா பதிவான இடங்களோ கனரித் தீவுகள், மடெய்ரா, சியரா லியோன், செஷல்ஸ், இலங்கை, இந்தியா, ஜாவா, சமோவா, ஹவாய், பனாமா. இந்தப் பட்டியலை நிலப்படத்தில் வைத்தால் சிங்கப்பூர் இந்தியாவுக்கும் ஜாவாவுக்கும் நடுவில் விழுகிறது. இங்கே ஒரு கூட்டைப் பார்த்ததும் முதலில் சந்தேகப்பட வேண்டியது எந்த இனத்தை? பழைய பதிவுகள் மட்டுமே கையில் இருந்தால் அலுட்டெல்லாவைத்தான். ஆனால் எல்லோரும் சொல்வது யூட்டெரெல்லாவை.

இதனால் சிங்கப்பூரில் இருப்பது அலுட்டெல்லாதான் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. மனிதரோடு பயணிக்கும் பூச்சிக்குக் கடல் தடையில்லை. கூடு ஒட்டிய மரப்பெட்டி, கம்பளம், பழைய நாற்காலி எது வந்து இறங்கினாலும் பூச்சியும் கூடவே இறங்கும். துறைமுக நகரில் இரண்டு இனங்களும் ஒரே அடுக்குமாடியில் இருக்கவும் வாய்ப்புண்டு. அலுட்டெல்லா பனாமாவிலும் பதிவாகியிருப்பதே கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என்று எளிதாகப் பங்கு போட்டுவிட முடியாது என்பதற்குச் சான்று. சொல்ல வருவது இவ்வளவுதான்: மாதிரியை ஆராயாமல் எழுதப்படும் இனப் பெயர் ஊகம், அதைப் பதிவாகக் கணக்கில் எடுத்தால் பரவல் படமே பொய்த்துவிடும். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஒரு செயலி ‘யூட்டெரெல்லா’ என்று பரிந்துரைக்க, இருவர் ஆமோதிக்க, அடுத்த ஆண்டு அதே படங்களைக் கற்ற செயலி இன்னும் உறுதியோடு அதையே பரிந்துரைக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு இந்த முறை ஓரளவு சரிப்படும், டினெய்டேக்குச் சரிப்படாது.

வாழ்க்கைச் சுழற்சி பற்றிய எண்களிலும் இதே கதைதான். ஆனெட் ஐயெல்லோ பனாமாவில் இந்தப் பூச்சியை வளர்த்து 1979இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் மிக முக்கியமானது. தன் தலைமுடியையும் செத்த கொசுக்களையும் தீனியாகக் கொடுத்து வளர்த்தார். அவர் வளர்த்தது அலுட்டெல்லா. யூட்டெரெல்லா பற்றிய குறிப்புகள் பலவும் அந்த ஆய்வையே சுட்டுகின்றன. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி ஒரு பெண் சுமார் 200 முட்டை இடும், முட்டை பொரிய 10 நாளுக்கு மேல் ஆகும், புழு 6 அல்லது 7 பருவங்களைக் கடக்க ஏறக்குறைய 50 நாள், கூட்டுப்புழுவாக 11 முதல் 23 நாள், மொத்தம் சராசரியாக 74 நாள். இரண்டும் நெருங்கிய இனங்கள் என்பதால் வீட்டு நடைமுறைக்கு இந்த எண்கள் போதும். ஆய்வுக் கட்டுரையில் எடுத்தாளும்போது எந்த இனத்தின் எண் என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

சரி, இனத்தை உறுதி செய்வது எப்படி? அந்து கையில் வேண்டும், அதுவும் வயிறு சிதையாமல். சுவரில் உட்கார்ந்திருக்கும் அந்தைத் தேடுவதைவிடப் புழுவை வளர்ப்பது சுலபம். மூடியில் துளையிட்டு மெல்லிய வலைத்துணி ஒட்டிய சிறு பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு கூட்டை மட்டும் வைக்க வேண்டும். ஒரே டப்பாவில் பலவற்றைப் போட்டால் எந்த அந்து எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்று தெரியாமல் போகும். தீனிக்குப் பழைய ஒட்டடை, சீப்பில் சிக்கிய முடி, செத்த கொசு இவையே போதும். தண்ணீர் தெளிக்கக் கூடாது, இங்கே காற்றிலேயே போதிய ஈரம் இருக்கிறது, தெளித்தால் பூஞ்சை பிடித்துவிடும். டப்பாவை ஏர்கான் ஓடும் அறையில் வைத்தால் புழு வளராமல் சுணங்கும். சில சமயம் அந்துக்குப் பதில் சிறு குளவி வெளியே வரும். அப்பான்டெலிஸ் கார்ப்பாட்டஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி துணி அந்துகளின் புழுக்களைக் கொல்வது. அதையும் தூக்கி எறியாமல் எடுத்து வைக்கலாம், அதுவும் ஒரு பதிவுதான்.

வெளிவந்த அந்து சாம்பல் நிறம், முன்னிறகில் நான்கு வரை கருந்திட்டுகள், பின்னிறகின் ஓரத்தில் நீண்ட மயிர் போன்ற செதில்கள். பெண்ணுக்கு இறகு விரிவு 10 முதல் 13 மி.மீ., ஆண் அதைவிடச் சிறியது. திட்டுகள் உராய்ந்து அழிந்துவிடும் என்பதால் அவற்றை நம்ப முடியாது. வயிற்றைப் பிரித்து 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, வெந்நீர்ச் சூட்டில் கால் மணி நேரமோ அறை வெப்பத்தில் ஓர் இரவோ வைத்தால் உள்ளிருக்கும் சதை கரையும். நீரில் அலசி, மென்தூரிகையால் செதில்களை நீக்கி, சாயமேற்றி, இனப்பெருக்க உறுப்புகளைக் கண்ணாடித் தகட்டில் ஏற்ற வேண்டும். அவற்றின் கெட்டிப் பகுதிகளின் வடிவத்தில்தான் இனங்களுக்கிடையே வேறுபாடு தெரியும். காடின் ராபின்சன் 1979இல் டினியா பெல்லியோனெல்லா கூட்டத்தை இனம் இனமாகப் பிரித்ததும் இந்த வழியில்தான். கரைசலில் அதிக நேரம் விட்டால் மெல்லிய பகுதிகள் நிறமிழந்து சுருங்கிவிடும், சாயமும் ஏறாது. பலரும் இந்த இடத்தில்தான் மாதிரியைக் கெடுத்துவிடுகிறார்கள்.

டிஎன்ஏ பார்க்க வேண்டுமானால் கரைசலில் இடுமுன் ஒரு காலை எடுத்து 95% எத்தனாலில் வைத்துவிட வேண்டும். இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்துத் துண்டை வரிசைப்படுத்துவது வழக்கம். ஆனால் ஒப்பிடும் தரவுத்தளத்தில் உள்ள மாதிரிக்கே யாரோ கூட்டைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் வரிசை நூறு சதவீதம் பொருந்தினாலும் பெயர் தவறாகத்தான் இருக்கும். உறுப்பையும் டிஎன்ஏவையும் ஒரே மாதிரியிலிருந்து எடுப்பது அதனால்தான் முக்கியம்.

இந்தப் பேரினம் உலகில் எங்கெங்கே நிலைக்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் ஈரப்பதத்துக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவில் இது தென்மாநிலங்களைத் தாண்டிப் பெருகாமல் இருப்பதற்கும் உலர்ந்த காற்றே காரணமாகச் சொல்லப்படுகிறது. சிங்கப்பூரில் விடியுமுன் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், மழையில்லாப் பிற்பகலில் 60 வரை இறங்கும், ஆண்டுச் சராசரி 80க்கு மேல். வெப்பநிலையோ ஆண்டு முழுக்க ஒரே சீர். ஆகவே இங்கே இதற்குப் பருவம் என்று ஒன்று இல்லை, எந்த மாதத்திலும் எல்லா வளர்ச்சிப் பருவங்களையும் காணலாம்.

வீட்டுக்குள் பார்த்தால் ஒட்டடை அதிகமுள்ள இடத்தில்தான் கூடும் அதிகம். கைவிடப்பட்ட சிலந்தி வலையும் அதில் சிக்கி உலர்ந்த பூச்சிகளும் இதற்கு முதல்தரத் தீனி. கம்பளியைத் தின்னும், பருத்தியைத் தின்பதில்லை. அதனால் வேட்டியும் கைலியும் பிழைத்தன. ஊருக்கோ குளிர்நாட்டுக்கோ போவதற்காக வாங்கிப் பெட்டியில் போட்ட சால்வையும் ஸ்வெட்டரும்தான் கவலைக்குரியவை. பட்டுச் சேலையின் புரதம் கெரட்டின் அல்ல, ஃபைப்ராயின். எனவே ஆபத்து குறைவு, ஆனால் துணி அந்துகள் பட்டைத் தொடவே தொடாது என்று சொல்ல முடியாது, வியர்வையோடு மடித்து வைத்தால் வாய்ப்பு கூடும். புதிய அடுக்குமாடிகளில் வீட்டுக்குள்ளேயே கட்டப்படும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்ட்டரை ஸ்டோர் ரூமாக்கிக் கூரை வரை அடுக்கிவிடுகிறோம். காற்றோட்டம் குறைவு, கூட்டிப் பெருக்குவது அரிது, இரும்புக் கதவு எந்நேரமும் சாத்தியிருக்கும். கூடுகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல் தவிப்பவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம்.

தெளிப்பு மருந்து பெரும்பாலும் ஏமாற்றும். மருந்து கூட்டின் மேல்தான் படும், புழு உள்ளே பட்டு உறைக்குள் இருக்கும். வாக்கும் கிளீனரின் குறுகிய முனையால் அலமாரிப் பின்பக்கம், கட்டிலடி, கூரை ஓரம் ஆகியவற்றில் ஒட்டடையோடு சேர்த்து இழுத்துவிட்டு, பையை அன்றே கட்டிக் குப்பைக்குழியில் போடுவது மேல். முட்டையும் சிறு புழுவும் கண்ணுக்குத் தப்பும் என்பதால் மேலே சொன்ன 74 நாள் சுழற்சி ஒருமுறை முடியும் வரை வாரா வாரம் செய்தால்தான் பலன் தெரியும். ஒருநாள் மட்டும் துடைத்துவிட்டு மறுமாதம் மறுபடியும் வந்துவிட்டது என்று சொல்வதுதான் வழக்கமாக நடப்பது.

கம்பளித் துணியில் கண்டால் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. நம் காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் நீராகப் படியும், ஒரு நாள் அப்படியே விட்டுத் திறக்க வேண்டும். அந்துருண்டை இறுக மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும், திறந்த அலமாரியில் போட்டால் மணம் நமக்கும் உயிர் அதற்கும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் நாஃப்தலீன் உருண்டையை வைக்கவே கூடாது, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று 1965 முதலே பரிசோதித்து வருகிறார்கள், ஆகவே பெற்றோருக்கு விடை தெரிந்திருக்கும். கடையில் விற்கும் துணி அந்துப் பொறிகளில் பெரும்பாலானவை டினியோலா பிசெல்லியெல்லாவின் ஆணை ஈர்க்கும் மணம் பூசியவை. ஃபெரியீக்கா வேறு பேரினம், அதில் வந்து ஒட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பொறி காலியாக இருப்பதைக் கண்டு வீட்டில் அந்து இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.